பொம்பளைச் சீக்கு

ராயபுரம்,
மதராஸ்-13.
14-3-1971, ஞாயிறு

மரியாதைக்குரிய அண்ணன் இக்னேஷியஸ் அவர்களுக்கு,

வணக்கம். பம்பாயில் நீங்கள் உடல் சுகத்தோடு இருக்கக் கர்த்தரை வேண்டிக்கொண்டு இதை எழுதுகிறேன்.

என்னை உங்களுக்குத் தெரியாது. என் பெயர் தேவப்பிரியம். திருவொற்றியூர்ப் பெண். என் தகப்பனார் ரயில்வேயில் ஃபிட்டர். உங்கள் தங்கை சிலுவையம்மாள் படுத்திருக்கும் ஆஸ்பத்திரியில் நான் மூன்றாம் வருட நர்ஸ் மாணவி. கல்யாணமாகாத பெண், முன்பின் தெரியாத ஆணுக்கு எழுதக்கூடாத சில வார்த்தைகள் இந்தக் கடிதத்தில் வரும். கோபப்பட்டுக் கிழித்துவிடாமல் கடைசி வரை படிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் சிலுவையக்காவின் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். உயிருக்கு ஆபத்து இல்லை. இடது கண் போய்விட்டது. வாயோரத்திலிருந்து காது வரை கன்னத்தில் பத்தொன்பது தையல். முன்பல் மூன்று இல்லை. தோள்பட்டை எலும்பு முறிந்து இப்போது கூடிவருகிறது. கஞ்சியும் பாலில் ஊறவைத்த ரொட்டியும் சாப்பிடுகிறார்கள். இரண்டு நாளாகத் தானே எழுந்து குளியலறைக்குப் போகிறார்கள்.

உங்கள் மைத்துனர் அம்புரோஸின் தாயார் யாரையோ வைத்து உங்களுக்குக் கடிதம் எழுதினார்கள் என்று தெரியும். சிலுவையக்கா கெட்டுப்போய்க் கெட்ட வியாதி வாங்கிக்கொண்டு வந்ததாகவும், புருஷன் கண்டித்தபோது ஓடி விழுந்து காயம் பட்டதாகவும் அதில் இருந்திருக்கும். வியாதி இருந்தது உண்மை. மற்றதெல்லாம் பொய். அது பொய் என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் அந்தப் பொய்க்கு முதல் வார்த்தை எடுத்துக்கொடுத்தவள் நான்.

எங்கள் படிப்பில் இந்த நோய்களுக்கு ஒரு பாடம் உண்டு. போன வருடம் அது வந்தபோது டியூட்டர் அம்மா கதவைச் சாத்தச் சொன்னார். கிருமியின் பெயரையும் ஊசி மருந்தின் அளவையும் கரும்பலகையில் எழுதிப்போட்டார். நாங்கள் எழுதிக்கொண்டதும் அழித்துவிட்டார். நோயாளியிடம் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று ஒரு வார்த்தை இல்லை. நாங்களும் கேட்கவில்லை. இருபத்திரண்டு பெண்கள் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தோம். யார் முதலில் வாய் திறக்கிறாளோ, அவளுக்கு அதெல்லாம் ஏற்கெனவே தெரியும் என்று ஆகிவிடும் அல்லவா.

மேகநோய்ப் பிரிவு ஆஸ்பத்திரியின் பின்பக்கம், துணி வெளுக்கிற இடத்துக்கு அடுத்து இருக்கிறது. அங்கே டியூட்டி விழுந்தால் எங்களுக்குத் தலைவலி வந்துவிடும், வயிற்றுவலி வந்துவிடும். எங்களுக்கு முந்தின வருடத்துப் பெண் ஒருத்தி அங்கே ஊசி போட்டுக்கொண்டிருந்ததை மாப்பிள்ளை வீட்டு உறவினர் ஒருவர் பார்த்துவிட்டார். பேசி முடித்த கல்யாணம் நின்றுபோனது. அந்த உறவினர் எதற்காக அங்கே வந்தார் என்று யாரும் கேட்கவில்லை. டாக்டருக்குப் படிக்கும் ஆண்கள் அந்தப் பக்கம் கூட்டமாகப் போவார்கள், சிரித்துக்கொண்டே திரும்பி வருவார்கள். அந்தச் சிரிப்பும் வெட்கம்தான் என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது.

எங்களில் சாபிரா ஒருத்திதான் வேறு மாதிரி. வண்ணாரப்பேட்டைப் பெண். யாராயிருந்தாலும் பக்கத்தில் குனிந்து, குரலைத் தாழ்த்தி, நேராகக் கேட்டுவிடுவாள். எரிச்சல் உண்டா, புண் உண்டா, எத்தனை நாளாக, வீட்டுக்காரருக்கும் உண்டா என்று எல்லாம். ஒரு நாள் எங்களைப் பார்த்து, "தொண்டைல புண்ணுன்னா கேக்கறீங்க இல்ல? இதுவும் புண்ணு தானே" என்றாள். நாங்கள் அவளுக்கு ஒரு கேவலமான பட்டப்பெயர் வைத்தோம். மெஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்காரமாட்டோம். அந்தப் பெயரை அதிகமாகச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி.

சிலுவையக்கா முதலில் வந்தது ஜனவரி பன்னிரண்டாம் தேதி. வெளிநோயாளிகளிடம் விவரம் கேட்டுச் சீட்டு எழுதும் இடத்தில் அன்று நான் இருந்தேன். அடிவயிற்றில் வலி என்றார்கள். எத்தனை குழந்தை என்று கேட்டேன். மூன்றும் தங்கவில்லை என்றார்கள். கடைசியாக ஏழாம் மாதத்தில் செத்தே பிறந்ததாம். எழுதிக்கொண்டேன். பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டு மேஜையின் மேல் கையை வைத்து, "ஒண்ணு கேக்கணும் நர்ஸம்மா" என்றார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்ததுமே அது எந்த மாதிரி விஷயம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பின்னால் வரிசையில் இருபது பேர். நான் சீட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. டாக்டரிடம் கேளுங்கள் என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். டாக்டர் ஆண். அவரிடம் அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. மூன்று குழந்தை தங்காததைச் சீட்டில் பார்த்துவிட்டு அவரே ரத்தம் எடுக்கச் சொன்னார்.

முடிவு சொன்ன நாள் பிப்ரவரி ஒன்பது, செவ்வாய்க்கிழமை. அன்று அம்புரோஸும் கூட வந்திருந்தார். நல்ல உயரமான ஆள், சலவைச் சட்டை, கழுத்தில் ஜெபமாலை. வராந்தா பெஞ்சில் மரியாதையாக உட்கார்ந்திருந்தார். டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு, புருஷனையும் அழைத்து விசாரித்து, விளக்கிச் சொல்லி, இரண்டு பேரையும் ஊசிக்கு அனுப்பும்படி என்னிடம் சொன்னார்.

விசாரிக்க வேண்டும் என்றால் என்ன கேட்கவேண்டும் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கு எப்போதாவது புண் வந்ததா, வேறு எங்காவது போவதுண்டா என்று கேட்கவேண்டும். நாற்பது வயது ஆண் ஒருவரைத் தனியாக உட்காரவைத்து நான் அதைக் கேட்கவேண்டும். நான் அவரைத் தனியாகக் கூப்பிடவில்லை. வராந்தாவிலேயே அவர் முன்னால் போய் நின்று, சீட்டை நீட்டி, ஒரே மூச்சில் சொன்னேன்: "உங்க சம்சாரத்துக்குக் கெட்ட வியாதி இருக்கு. நீங்களும் ஊசி போட்டுக்கணும்."

இவ்வளவுதான் சொன்னேன். சொல்லிவிட்டு மருந்து அறைக்குள் போய் நின்றுகொண்டேன். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். வாசலில் நின்ற சிலுவையக்காவும் கேட்டார்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் சீட்டை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மனைவியின் முழங்கையைப் பிடித்து, மெதுவாக வாசலுக்கு நடத்திக்கொண்டு போனார். ஊசிக்குப் போகவில்லை. நான் கூப்பிட்டிருக்கலாம். போனது நல்லது என்றுதான் அந்த நேரத்தில் நினைத்தேன்.

இந்த நோய்க்கு நம் பக்கத்தில் வைத்திருக்கும் பேர் பொம்பளைச் சீக்கு. யாருக்கு வந்தாலும் பேர் அதுதான். பேரே அப்படியிருக்கும்போது நான் சொன்ன இரண்டு வரியை அவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று யோசித்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு நடந்ததை மங்கை என்ற மீன்காரம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கல்மண்டபத்தில் அவர்கள் வீட்டுக்கு எதிர்வீடு. மத்தியானம் இரண்டு மணி இருக்குமாம். சந்துக்குள் நுழையும்போதே அம்புரோஸ் முதல் அடியை அடித்தார். இனி அவர் இவர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள். தலைமுடியைக் கையில் சுற்றி இழுத்துக்கொண்டு வந்து வாசற்படியில் முகத்தை மோதினான். பல்லும் இடது கண்ணும் அப்போதுதான் போயின. வயிற்றில் ஏறி மிதித்தான். பிறகு உள்ளே போய், துறைமுகத்தில் மூட்டை தூக்க வைத்திருக்கும் இரும்புக் கொக்கியை எடுத்துவந்தான். முதல் வீச்சு தோளில். இரண்டாவது வீச்சில் அது கன்னத்தில் மாட்டியது. மாட்டியதை இழுத்தான்.

எதிர்வீடு, பக்கத்துவீடு, குழாயடி எல்லா இடத்திலும் ஆள் இருந்தார்களாம். மங்கை அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஆஸ்பத்திரிலயே சொல்ட்டாங்க, ஆஸ்பத்திரிலயே சொல்ட்டாங்கன்னு கத்திகினே அட்ச்சாம்மா. அத்தக் கேட்டு ஒர்த்தரும் கிட்ட போவல. நானுந்தான் நின்னுகினு இர்ந்தேன்."

அவன் கை ஓய்ந்து உட்கார்ந்த பிறகு அந்த அம்மாள்தான் மீன் கூடையைக் கொட்டிவிட்டு, அதை மூடியிருந்த கோணியை அக்கா மேல் சுற்றி, ரிக்‌ஷாவில் போட்டுக்கொண்டு வந்தார்கள். அன்று மத்தியானத்துக்கு மேல் எனக்கு அவசரப் பிரிவில் டியூட்டி. கோணியை விலக்கியபோது முகம் அடையாளம் தெரியவில்லை. பெயர் கேட்டுச் சீட்டு எழுதும்போதுதான் யார் என்று தெரிந்தது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. சாபிராதான் என்னைத் தள்ளிவிட்டு ரத்தத்தைத் துடைத்து டாக்டருக்குக் கை கொடுத்தாள்.

போலீஸ் மறுநாள் வந்தது. எலெக்‌ஷன் வேலையில் இருந்த அவசரத்தில், விழுந்து அடிபட்டதாக அம்புரோஸ் சொன்னதையே எழுதிக்கொண்டு போய்விட்டது. அக்கா அப்போது பேசும் நிலையில் இல்லை.

நான்கு நாள் கழித்து வாய் வீக்கம் கொஞ்சம் வடிந்தது. கட்டு மாற்றும் சாக்கில் போய், திரையை இழுத்துவிட்டு, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். அக்கா, அன்றைக்கு என்னிடம் என்னவோ கேட்கவேண்டும் என்றீர்களே, அது என்ன என்றேன். திரை மூடியிருக்கிறதா என்று பார்த்தார்கள். பிறகு சொன்னார்கள்.

"மூணு வர்சம் மின்னாடி அவர்க்கு அங்க புண்ணு வந்துச்சி நர்ஸம்மா. எங்கயோ ஊசி போட்டுகினு ஆறிச்சி. அது எனுக்கும் ஒட்டிக்கிமா, அதனாலதான் கொய்ந்த தங்கலியான்னு கேக்கத்தான் வந்தேன்."

அண்ணா, வரிசையில் இருபது பேர் நிற்கிறார்கள் என்று நான் விட்டுவிட்டது இந்தக் கேள்வியைத்தான். இதற்குப் பதில் ஆமாம் என்ற ஒரு வார்த்தை. அந்த வார்த்தையை அன்று சொல்லியிருந்தால், புருஷனிடம் பேசவேண்டியதும் வேறு மாதிரி பேசப்பட்டிருக்கும். அவர்கள் கண்ணும் இருந்திருக்கும்.

நான் அழுதேன். அவர்கள் அழவில்லை. அப்படியென்றால் மூன்று குழந்தையும் அதனால்தானா என்று மட்டும் கேட்டார்கள். ஆமாம் என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

நான் நேராகச் சாபிராவிடம் போனேன். அவள் என்னை ஒன்றும் சொல்லவில்லை. எங்கேயோ ஊசி போட்டான் என்றால் அது இங்கேயாகவும் இருக்கலாம் என்றாள். இரண்டு நாள் மேகநோய்ப் பிரிவில் பழைய சீட்டுகளைக் கட்டுக் கட்டாகப் பிரித்துப் பார்த்தாள். பதினைந்தாம் தேதி மத்தியானம் ஒரு சீட்டோடு வந்தாள். 1968 மார்ச் மாதம். பெயர், அம்புரோஸ். கல்மண்டபம். துறைமுகக் கூலி. எந்த நோய் என்றும், எத்தனை ஊசி போட்டது என்றும் எல்லாம் எழுதியிருந்தது. கல்யாணமானவரா என்ற இடம் மட்டும் காலி.

அது சங்கரநாராயணன் என்பவரின் கையெழுத்து. அப்போது மாணவர், இப்போது கடைசி வருடம் முடித்துப் பயிற்சியில் இருக்கிறார். சாதுவான ஆள். சீட்டை அவர் முன்னால் வைத்தோம். காலியாக இருந்த இடத்தில் விரலை வைத்தார். அவர் கேட்டிருந்தால், மனைவியை அழைத்துவரச் சொல்லியிருந்தால், மூன்று வருடம் முன்பே அக்காவுக்கு ஊசி போட்டு, ஒரு குழந்தையாவது பிழைத்திருக்கலாம். இதை நாங்கள் சொல்லவில்லை. அவருக்கே தெரிந்துவிட்டது. "அந்த ஆளுக்கு எங்க அப்பா வயசு. எப்படிக் கேக்கறது? கேட்டா என்ன நினைச்சுப்பாரோன்னு விட்டுட்டேன்" என்றார். அவரை நான் குற்றம் சொல்ல முடியாது.

பதினேழாம் தேதி, பார்வையாளர் வரும் நேரத்தில், அம்புரோஸ் வார்டுக்குள் வந்தான். குடித்திருக்கவில்லை. கையில் ரொட்டியும் ஆரஞ்சும் கொண்டுவந்திருந்தான். பக்கத்துக் கட்டில்காரர்களிடம்கூட நலம் விசாரித்தான். நான் அக்காவுக்குக் குளுக்கோஸ் மாற்றிக்கொண்டிருந்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து, அன்பாகப் பேசுகிறவன் மாதிரி, "கீய வுயுந்தேன்னு போலீசாண்ட சொல்டு. வூட்டுக்கு இட்டுகினு போறேன். நட்ந்தத மறந்துடலாம்" என்றான்.

அக்கா ஒற்றைக் கண்ணால் அவனையே பார்த்தார்கள். "சொல்ல மாட்டேன்" என்றார்கள். பிறகு, "சீக்கு உன்னுது" என்றார்கள்.

அவன் எழுந்து அக்காவின் கட்டுப்போட்ட தலையை இரண்டு கையாலும் பிடித்துக் கட்டில் கம்பியில் மோதினான். இரண்டு தடவை. தையல் விட்டு ரத்தம் தலையணையில் கொட்டியது. குளுக்கோஸ் பாட்டில் கழன்று விழுந்து உடைந்தது. தடுக்கப்போன சாபிராவின் கழுத்தைப் பிடித்துச் சுவரில் தள்ளினான். அவள் அப்படியே சரிந்தாள். மூன்றாவது தடவை மோத அவன் கையை ஓங்கியபோது, பாட்டில் மாட்டும் இரும்புக் கம்பம் என் கையில் இருந்தது. எப்படி என் கைக்கு வந்தது என்று தெரியவில்லை. முகத்தில் அடித்தேன். மூக்கு உடைகிற சத்தம் கேட்டது. அவன் விழுந்த பிறகும் அடித்தேன். முதுகில், கையில், எங்கே படுகிறது என்று பார்க்காமல் அடித்தேன். ஐந்தோ ஆறோ அடி. வார்டு பாய்கள் இரண்டு பேர் வந்து என்னைத்தான் முதலில் பிடித்தார்கள்.

அடிக்கும்போது எனக்குப் பயமே இல்லை. அதுதான் இப்போது பயமாக இருக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனிடம் இரண்டு கேள்வி கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவன் எலும்பை உடைக்கக் கை வந்துவிட்டது.

அன்று போலீஸ் அவனைப் பிடித்துக்கொண்டு போனது. அக்கா வாக்குமூலம் கொடுத்துக் கைநாட்டு வைத்தார்கள். சங்கரநாராயணன் அந்தப் பழைய சீட்டைத் தானே ஸ்டேஷனுக்கு எடுத்துக்கொண்டு போய், இது என் கையெழுத்து, நான் கோர்ட்டில் வந்து சொல்கிறேன் என்று எழுதிக் கொடுத்தார். அவர் அப்படிச் செய்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அம்புரோஸ் இப்போது ரிமாண்டில் இருக்கிறான். நான் தாக்கியதாக அவனும் புகார் கொடுத்திருக்கிறான். என்மேல் நாளைக்கு ஆஸ்பத்திரியில் விசாரணை. படிப்பை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள். அது முடிந்த பிறகு மீதியை எழுதுகிறேன்.

18-3-1971, வியாழன்

அண்ணா, விசாரணை இரண்டு நாள் நடந்தது. நான் ஒன்றையும் மறைக்கவில்லை. வராந்தாவில் சொன்ன இரண்டு வரியையும் சொன்னேன். பெரிய டாக்டர் அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, உனக்கு இதைக் கேட்க யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்றேன். டியூட்டர் அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். என் படிப்பை நிறுத்தவில்லை. என் பேட்ச்சோடு பரீட்சை எழுத முடியாது. ஆறு மாதம் தள்ளிப்போட்டிருக்கிறார்கள். அந்த ஆறு மாதமும் தண்டனையாக மேகநோய்ப் பிரிவில் டியூட்டி. என் தகப்பனார் இதைக் கேட்டு இரண்டு வேளை சாப்பிடவில்லை. யார் என்னைக் கட்டுவார்கள் என்று அம்மா அழுகிறார்கள். எனக்கு என்னவோ அது தண்டனையாகத் தோன்றவில்லை.

இன்று காலை அங்கே முதல் நாள். மாதவரத்திலிருந்து லாரி டிரைவர் ஒருவர் வந்தார். சாபிரா பக்கத்தில் நின்றாள்; கழுத்தில் விரல் பதிந்த தடம் இப்போதுதான் மறைந்திருக்கிறது. நான் அவரைத் திரைக்குப் பின்னால் உட்காரவைத்துக் கேட்டேன். கல்யாணமாகிவிட்டதா, மனைவிக்கு ஏதாவது தொந்தரவு உண்டா, எத்தனை நாளாக என்று எல்லாவற்றையும். அவர் முதலில் முறைத்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு எல்லாம் சொன்னார். நாளைக்கு மனைவியைக் கூட்டிவருகிறேன் என்றார். நானே அந்த அம்மாளிடம் பேசுகிறேன், நீங்கள் ஒன்றும் சொல்லவேண்டாம் என்றேன்.

இப்போது உங்கள் விஷயம். சாம்பல் புதனன்று உங்கள் கடிதம் வந்தது. சிலுவையக்காவுக்குப் படிக்கத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். நான்தான் பிரித்தேன். எனக்குத் தங்கை என்று ஒருத்தி இல்லை, அவள் செத்தாலும் எனக்கு எழுதவேண்டாம் என்று நீங்கள் எழுதியிருந்ததைக் கண்ணால் மட்டும் படித்தேன். அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வேறு படித்தேன். அன்புள்ள தங்கைக்கு, விஷயம் கேள்விப்பட்டேன், தைரியமாக இரு, லீவு கிடைத்ததும் வருகிறேன் என்று படித்தேன். திரும்பவும் படிக்கச் சொன்னார்கள். மூன்று தடவை படித்தேன். ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தைகள் வரவேண்டுமே என்று எனக்கு வியர்த்துக் கொட்டியது. அந்தக் கடிதம் இப்போது அவர்கள் தலையணைக்கு அடியில் இருக்கிறது. படிக்கத் தெரிந்தவர்கள் யாராவது எடுத்துவிடக்கூடாதே என்று நான் தினமும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். பொய் சொன்னதற்கு என்னை மன்னித்துவிடுங்கள்.

இன்னொன்றும் எழுதவேண்டியிருக்கிறது. இரண்டு மாதம் முன்பு என்றால் எழுதியிருக்கமாட்டேன். நீங்களும் துறைமுகத்தில் வேலை செய்கிறவர். மனைவியை நாகப்பட்டினத்தில் விட்டுவிட்டு வருடத்தில் பதினோரு மாதம் தனியாக இருக்கிறவர் என்று அக்கா சொன்னார்கள். உங்களுக்கு எப்போதாவது புண் வந்ததுண்டா? வந்து தானாக ஆறியதுண்டா? இருந்தால், அது ஆறியதாக நம்பாதீர்கள். ஊருக்குப் போவதற்கு முன்னால் ரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். பம்பாயில் எல்லாப் பெரிய ஆஸ்பத்திரியிலும் பார்ப்பார்கள். அங்கே இருப்பவர்கள் வெட்கப்பட்டு உங்களிடம் ஒன்றும் கேட்காவிட்டால், நீங்களாகச் சொல்லுங்கள். உங்கள் ஒழுக்கத்தைச் சந்தேகப்பட்டு இதை எழுதவில்லை. இல்லை என்றால் என்னைத் திட்டிவிட்டு மறந்துவிடுங்கள். திட்டு வாங்குவது எனக்கு இப்போது பெரிதல்ல.

சிலுவையக்காவுக்கு ஊசி முழுவதும் போட்டாகிவிட்டது. அடுத்த மாதம் மறுபடி ரத்தம் பார்க்கவேண்டும். உயிர்த்த ஞாயிறுக்கு முன்னால் வீட்டுக்கு அனுப்பலாம் என்கிறார் டாக்டர். எந்த வீட்டுக்கு என்று அவர் கேட்கவில்லை. மங்கை அம்மா தன் வீட்டில் வைத்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள். அது அம்புரோஸ் வீட்டுக்கு எதிர்வாசல்.

அதனால் நீங்கள் வரவேண்டும். பார்வையாளர் நேரம் மாலை நான்கிலிருந்து ஆறு வரை. பெண்கள் அறுவை வார்டு, ஏழாம் நம்பர் கட்டில். முகத்தைப் பார்த்ததும் உங்களுக்குத் திக்கென்று இருக்கும். வெளியிலேயே கொஞ்ச நேரம் நின்று மனதைத் தேற்றிக்கொண்டு உள்ளே வாருங்கள்.

அண்ணன் வந்தால் சொல்லவேண்டும் என்று அக்கா ஒரு பேச்சைத் தயார் பண்ணி வைத்திருக்கிறார்கள். கட்டு மாற்றும்போதெல்லாம் என்னிடம் சொல்லிப் பார்க்கிறார்கள். "நா ஒரு தப்பும் பண்ணலண்ணா" என்று ஆரம்பிக்கிறது. பல் போனதால் சில வார்த்தைகள் சரியாக வரவில்லை. திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகுகிறார்கள். உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், அந்தப் பேச்சை அவர்கள் சொல்லும்படி விட்டுவிடாதீர்கள். வாய் திறப்பதற்கு முன்பே, தெரியும் என்று நீங்கள் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வரவை எதிர்பார்த்திருக்கும்,
த. தேவப்பிரியம்